மட்டாஞ்சேரியில் சாவை எழுதியவர்களும் எழுதாதவர்களும்

ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 'டோப் புக்' என்று அதற்குப் பெயர். 1751 முதல் 1804 வரை அத்திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்களின் பெயர்களும் மணம் புரிந்துகொண்டவர்களின் பெயர்களும் அதில் உள்ளன. இறந்தவர்களின் பட்டியல் அதில் இல்லை. அதே ஒல்லாந்தர் 1724இல் அர்ப்பணித்த கல்லறைத் தோட்டம் சற்றுத் தொலைவில் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே நூற்றுச் சொச்சம் கல்லறைகள். பிறந்ததையும் மணந்ததையும் ஏட்டில் எழுதிய சமூகம், இறந்ததைக் கல்லுக்கு விட்டுவிட்டது போலத் தோன்றுகிறது.

இதற்கு விளக்கம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடுவது உயிரோடிருப்பவரின் கடமை. யாருக்காக, எந்த நாளில் மன்றாடுவது என்பது தெரிய வேண்டும். எனவேதான் 1614இல் ரோமில் வெளியான சடங்கு நூல், பங்குதோறும் இறந்தோர் பதிவேடு வைக்கப் பணித்தது. 1557இல் நிறுவப்பட்ட கொச்சி மறைமாவட்டம் இந்த மரபைச் சேர்ந்தது. ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையோ இறந்தவருக்காக மன்றாடுவதை ஏற்கவில்லை. அடக்கம் முடிந்ததும் திருச்சபைக்கு அந்த மனிதரோடு வேலை முடிந்துவிடுகிறது. அச்சபையின் தாயகத்திலேயே அடக்கப் பதிவேடுகள் பல, குழிக் கட்டணம் வசூலித்த கணக்குகளாகவே எஞ்சியிருக்கின்றன.

சாவை ஏன் சில குடும்பங்கள் பதிவு செய்கின்றன, ஏன் சில குடும்பங்கள் செய்வதில்லை என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை 'விழிப்புணர்வு' என்பது. படித்தவர் பதிவார், படியாதவர் பதியமாட்டார் என்பது அதன் பொருள். மட்டாஞ்சேரியின் வரலாறு இந்த விடையை ஏற்க விடுவதில்லை. கொங்கணியரும் குஜராத்திகளும் கச்சி மேமன்களும் யூதர்களும் தமிழரும் தக்கணி முஸ்லிம்களும் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ்ந்த ஊர் அது. காசுக்குக் காசு பேரேட்டில் எழுதிய வணிகர்கள் நிறைந்த ஊர். எழுதத் தெரியாமையால் அங்கே சாவு எழுதப்படாமல் போகவில்லை. எழுதப்பட்ட இடங்களைத் தேடிச் சென்றால், அங்கெல்லாம் அந்தச் சாவைக் காட்டி ஒன்றைக் கோர வேண்டிய ஒருவர் உயிரோடு நிற்பதைக் காணலாம்.

*

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசுப் பதிவேட்டில் சேராத குடும்பம், சாவை மறந்துவிட்ட குடும்பம் அன்று.

மட்டாஞ்சேரிக்கு வடக்கே சேந்தமங்கலத்தில், ஜெப ஆலயத்தின் முன் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்காக 1269இல் நாட்டப்பட்டது. 1568இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்த மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் இறந்த நாள் கவனமாகப் பேணப்பட்டது. ஆண்டுதோறும் அந்த எபிரேயத் தேதியில் விளக்கேற்றி மகன் பிரார்த்தனை சொல்ல வேண்டும். அந்த நாளைத் தவறவிடுவது தந்தையைத் தவறவிடுவது.

கொங்கணியருக்கும் தமிழ் அந்தணருக்கும் திதி. மலையாள இந்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இறந்த நாளின் நட்சத்திரம். முஸ்லிம்களுக்கு ஹிஜ்ரி மாதமும் நாளும். அடக்கத்தை அறிந்து வைத்திருக்கும் மஹல் ஜமாஅத்தும் கபர்ஸ்தானும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று அறியப்படும் வண்ணார் குடும்பங்கள் வெளியில் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு அவர்களுடைய சங்கமே ஊர். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை அங்கே எவரும் தாளில் காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை.

இவை எல்லாமே பதிவேடுகள்தாம். ஆனால் இவை எழுப்பும் வினா வேறு. இறந்தவருக்கு இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அவை கேட்கின்றன. அரசுப் பதிவேடு, இறந்தவரிடமிருந்து இருப்பவருக்கு என்ன வரவேண்டும் என்று கேட்கிறது. முதல் வினாவுக்குத் திதி போதும். இரண்டாவது வினாவுக்கு ஆங்கிலத் தேதியும் முத்திரையும் வேண்டும். கொல்லம் ஆண்டில் கணக்கு வைத்த கொச்சி அரசின் பழைய ஆவணங்களோடு வீட்டாரின் நினைவையும் பொருத்தி ஒரு தேதியை உறுதி செய்வது, பின்னாளில் எத்தனையோ வழக்குகளில் தனி வேலையாகவே ஆயிற்று.

*

1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம், ஒட்டிக் கிடந்த இரண்டு ஊர்கள் இரண்டு அரசுகளின்கீழ் இருந்தன. ஃபோர்ட் கொச்சி, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் துண்டு நிலம். மட்டாஞ்சேரி, கொச்சி மன்னரின் நாடு. 1866இல் ஃபோர்ட் கொச்சி நகராட்சியாயிற்று. மட்டாஞ்சேரிக்கு நகர சபை வந்தது 1896இல். நடந்து கடக்கக்கூடிய தொலைவில் சட்டம் மாறியது. ஒரே சாதி, ஒரே மதம், ஒரே கொள்வினை கொடுப்பினை உடைய இரண்டு குடும்பங்களில், எல்லைக்கு மேற்கே ஒரு சாவு நிகழ்ந்தால் ஒரு சட்டம். கிழக்கே நிகழ்ந்தால் வேறொன்று.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவானதாக இல்லை. 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் எவருக்குப் பொருந்தியதோ அவர்களே விரும்பினால் அதன்கீழ்ப் பதிந்துகொள்ளலாம். ஐரோப்பியரும் இந்தியக் கிறித்தவரும் யூதரும் அவர்களுள் அடங்குவர். இந்துக்களும் முஸ்லிம்களும் அந்த வாரிசுரிமைச் சட்டத்துக்கு வெளியே இருந்ததால் இந்தப் பதிவுக்கும் வெளியே நின்றனர். சொத்து எந்தச் சட்டப்படி இறங்குகிறது என்பதைப் பார்த்தே, எந்தச் சாவைச் சான்றோடு எழுதிக்கொள்ள வழிசெய்வது என்று அரசு தீர்மானித்தது. பதிவுக்கும் பாகப்பிரிவினைக்கும் உள்ள உறவு, சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே வெளிப்படையாக இருந்தது.

பொதுமக்களின் சாவை எண்ணும் வேலையை வேறொரு சட்டம் ஏற்றது. 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பதிவைக் கட்டாயமாக்கியது. அதன் நோக்கம் பெரும்பாலும் சுகாதாரம். எத்தனை பேர் காலராவில் போனார்கள், எத்தனை பேர் அம்மையில் போனார்கள் என்று அரசு அறிய விரும்பியது. குடும்பத்துக்கு அந்தக் கணக்கால் ஆவது ஒன்றுமில்லை. சில வேளைகளில் கேடு வரும் என்ற அச்சமும் இருந்தது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவி, மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் வந்தபோது, வீடு புகுந்து சோதிப்பதற்கும் நோயாளியைப் பிரித்துச் செல்வதற்கும் அஞ்சி மக்கள் சாவுகளை மறைத்தனர். பம்பாயோடு கடல்வழி வணிகமும் உறவும் கொண்டிருந்த மட்டாஞ்சேரிக்கு இந்தச் செய்திகள் அயலானவையாக இருந்திருக்க முடியாது. இங்கிலாந்தில் 1538இல் பங்குப் பதிவேடு வைக்க ஆணை பிறந்தபோதும், புதிய வரி வரப்போகிறது என்ற வதந்தியே முதலில் பரவியது. அரசு எண்ணத் தொடங்கினால் எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது பழைய அறிவு.

*

கொச்சி நாட்டில் மருமக்கத்தாயக் குடும்பங்களின் நிலை இன்னும் சுவையானது. சொத்து தறவாட்டுக்கு உரியது. நிர்வாகம் மூத்த ஆணான காரணவர் கையில். உறுப்பினர் ஒருவர் இறந்தால் தறவாட்டுச் சொத்து இறங்குவதில்லை, பிரிவதில்லை. ஒரு வாய் குறைகிறது, புலை காக்கப்படுகிறது, குளித்து எழுகிறார்கள். இறந்ததை மெய்ப்பிக்க வேண்டிய இடம் எதுவுமில்லை. காரணவரே இறந்தாலும் அடுத்த மூத்தவர் யாரென்று ஊருக்கே தெரியும்.

வடநாட்டு வணிகக் குடும்பங்களும் கொங்கணிக் குடும்பங்களும் தந்தைவழியின. ஆயினும் கூட்டுக் குடும்பச் சொத்தில் விளைவு ஏறத்தாழ இதுவே. மிதாட்சர முறைப்படி, பங்காளி ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சிய பங்காளிகளைத் தானே சேர்கிறது. கடையின் பெயர் மாறுவதில்லை. பேரேடு தொடர்கிறது. எழுத்தில் ஊறிய குடும்பங்கள் சாவை எழுதிக்கொள்ளாமல் இருந்ததன் காரணம் இங்கே இருக்கிறது.

இந்தக் கட்டமைப்பு ஒரே நாளில் சரியவில்லை. கொச்சியில் 1920இலும் 1938இலும் வந்த நாயர் சட்டங்கள், 1938இன் மருமக்கத்தாயச் சட்டம், நாடு முழுமைக்கும் 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் எனப் படிப்படியாகத் தனிநபர் பங்கு உருவாயிற்று. கடைசியில் கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஒவ்வொரு சாவும் ஒரு கணக்குத் தீர்ப்பு. யார் எப்போது இறந்தார், யார் அவருக்கு முன் இறந்தார், யார் பின் இறந்தார் என்பவை பங்கின் அளவையே மாற்றும் செய்திகளாயின. தாத்தாவின் சாவைப் பதியாத குடும்பம் பேரன் காலத்தில் அலுவலகப் படி ஏறியது.

*

சொத்துள்ளவர்களின் கதை இது. சொத்தில்லாதவர்களின் கதை துறைமுகத்தில் இருக்கிறது.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் வேலை 'சாப்பா' முறையில் கொடுக்கப்பட்டது. கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்துக்குள் கங்காணி உலோக வில்லைகளை வீசுவார். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை. அந்த முறையை எதிர்த்து 1953 செப்டம்பரில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சாப்பாவில் வில்லைதான் உண்டு. அதைப் பிடித்தவனின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் நிலைப்பதில்லை. நாளை அவன் வராவிட்டால் இன்னொரு கை நீளும். அவன் நோயில் விழுந்தானா, இறந்தானா என்று கேட்க முதலாளிக்குக் காரணமில்லை. சொல்லிப் பெறுவதற்கு வீட்டாருக்கும் எதுவுமில்லை. அத்தகைய வீட்டில் ஒருவர் இறந்தால், ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகம் செல்ல என்ன தூண்டுதல் இருந்திருக்கும்?

நிலைத்த வேலை வந்த இடங்களில் இது மாறியது. 1952இன் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1956இல் நாட்டுடைமையான ஆயுள் காப்பீடு, பின்னர் குடும்ப ஓய்வூதியம் ஆகியவை தொழிலாளியின் சாவுக்கு ஒரு தொகையை நிர்ணயித்தன. 1970இல் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு அந்த மண்ணை வாங்கும் உரிமையைத் தந்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது. மூன்று சென்ட் மண்ணுக்கு உரியவர் இறந்தால், அது யாருக்கு என்ற வினா எழும். குடிசை வீட்டுச் சாவும் அன்று முதல் சான்று வேண்டும் சாவாயிற்று.

இதற்குள் மூன்று பழைய நகராட்சிகளும் இணைந்து, 1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி உருவாகியிருந்தது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே சட்டம், ஒரே நிர்வாகம். மருத்துவமனையில் நிகழும் சாவை அறிவிக்கும் கடமை அதன் பொறுப்பாளருடையது என்று சட்டம் வகுத்தது. சுடுகாடும் இடுகாடும் நடத்துவோரும் தகவல் தர வேண்டியவர்களாயினர். பதியலாமா வேண்டாமா என்ற முடிவு குடும்பத்தின் கையிலிருந்து மெல்ல நழுவியது. கேரளத்தில் இன்று ஏறத்தாழ எல்லாச் சாவுகளும் பதிவாவதற்கு, படிப்பறிவைப் போலவே இந்த ஏற்பாடும் காரணம்.

*

இன்றைய விதிப்படி 21 நாள்களுக்குள் சாவை அறிவிக்க வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அதற்கும் மேல் சென்றால் நடுவரின் ஆணை வேண்டும். துக்கம் காக்கும் நாள்கள் பத்து, பதினாறு, நாற்பது என்று செல்லும் வீடுகளில் முதல் மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்றே தெரியாமல் போகும். எளிதாகப் பதியக்கூடிய காலம் துயரத்தில் கழிகிறது. தேவை தெரியவரும் காலத்தில் பதிவது கடினமாகிவிடுகிறது.

தேவை யாருக்குத் தெரிகிறது என்பதில்தான் மிகப் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இந்தியாவில் நிகழ்ந்த சாவுகளில் 71 விழுக்காடு பதிவாகியிருந்தன. அதில் ஆண்களைவிடப் பெண்களின் பதிவு குறைவு. கணவன் இறந்தால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் வேண்டும், வங்கிக் கணக்கு மாற வேண்டும், நிலப்பட்டா மாற வேண்டும். மனைவி இறந்தால்? அவள் பெயரில் நிலமில்லை, கணக்கில்லை, காப்பீடில்லை என்றால், அவள் சாவைக் கேட்கும் மேசை ஒன்றும் இல்லை. அடுப்படியிலும் பிள்ளைப் பேற்றிலும் கழிந்த வாழ்க்கை, பதிவேட்டுக்கு வெளியே தொடங்கி வெளியிலேயே முடிகிறது. கைக்குழந்தையின் சாவும் அப்படித்தான். அது விட்டுச் செல்வது தாயின் நினைவை மட்டும்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூல வாசகமும் நோக்கத்தக்கது. வீட்டில் நிகழும் சாவை அறிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர். அவர் இல்லையேல் அங்குள்ள அவருடைய நெருங்கிய உறவினர். அவரும் இல்லையேல் வீட்டிலுள்ள மூத்த ஆண். சட்டம் முதலில் கண்ட வீட்டில் ஆணே வாய். ஆண் துணையற்ற வீட்டுச் சாவு யார் நாவால் அலுவலகம் செல்லும் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. தாய்வழியில் வீடு இறங்கிய ஒரு நாட்டில் இந்த வாசகம் நடைமுறைக்கு வந்தது என்பது வரலாற்றின் முரண்.

சாவின் காரணத்தை மறைக்க விரும்பும் வீடுகளும் எக்காலத்திலும் உண்டு. தற்கொலை, பால்வினை நோய், காசம் என்று ஊர் வாய்க்கு அஞ்சிய காரணங்கள் பல. இதை அறிந்தோ என்னவோ, பதிவேட்டிலிருந்து வழங்கப்படும் சான்றில் சாவின் காரணம் வெளியிடப்படலாகாது என்று சட்டமே விதித்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் இது தலைகீழாயிற்று. தொற்றால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 50,000 என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தின் வழியே உறுதியானதும், காரணத்தை எழுதித் தருமாறு குடும்பங்களே கேட்டு நின்றன. முன்னர்க் கணக்கில் வராத சாவுகளைக் கேரளம் ஆயிரக்கணக்கில் பட்டியலில் சேர்த்தது. மறைக்கப்பட்ட காரணம், உரிமை பிறந்ததும் கோரப்படும் காரணமாயிற்று.

*

மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் செல்லும் படகுகளில் பெரும்பகுதி, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்களுடையது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத சாவைப் பதிவேடு ஏற்பதில்லை. காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ளப்பட ஏழு ஆண்டுகள் கடக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. மாவட்டத்தில் அவர்களுடைய கோயில்களில் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. ஊருக்கு அவர்கள் இறந்தவர்கள். அரசுக்கு அவர்கள் காணாமற்போனவர்கள். மனைவி கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள். பின்னர் அரசுகள் ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தின. காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் ரூ. 20 இலட்சம் இழப்பீடு வழங்க வழி பிறந்தது. 2024 வயநாட்டு நிலச்சரிவில் காணாமற்போனவர்களையும் இறந்தவர்களாக ஏற்கும் முடிவைக் கேரள அரசு அடுத்த ஆண்டு எடுத்தது.

அந்த மீனவக் குடும்பங்களிலும் பதிவைத் தள்ளிப்போட நினைத்தவர்கள் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. தாளைப் பெறுவது என்றால், கரையில் நின்று காத்திருப்பதை நிறுத்திக்கொள்வது. 'இறந்தார்' என்ற சொல்லுக்குக் கீழே தன் கையால் ஒப்பமிடுவது. பதியாமை சில வீடுகளில் அறியாமை, சில வீடுகளில் தேவையின்மை, சில வீடுகளில் அச்சம். இன்னும் சில வீடுகளில் அது நம்பிக்கையின் கடைசி இழை.

டோப் புத்தகத்தில் 1751இல் திருமுழுக்குப் பெற்ற குழந்தை எப்போது இறந்தது என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. ஒல்லாந்தர் நகரங்களில் அநாதைக் குழந்தைகளின் சொத்தைக் காக்கத் தனி மன்றங்கள் இருந்தன. அந்தக் குழந்தை வளர்ந்து, சொத்து வைத்து, சிறு பிள்ளைகளை விட்டு இறந்திருந்தால் அவற்றின் ஏடுகளில் ஒரு வரி எஞ்சியிருக்கலாம். கொச்சி ஒல்லாந்தரின் ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொத்தின்றி இறந்திருந்தால், கடலோரக் கல்லறைத் தோட்டத்திலும் அதற்குக் கல் இருக்காது. யாருடைய சாவுக்கு யார் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற கணக்கையே சாவுப் பதிவேடுகள் முதலில் காட்டுகின்றன. இறந்தவர்களின் எண்ணிக்கையை அவற்றிலிருந்து எடுப்பவர், எழுதப்படாமல் போனவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துப் படிப்பதே நேர்மை.